பீச்சாங்கை மவுஸ்

என் வலது கை வேலைநிறுத்தம் செய்த அன்று நான் ஒரு வீட்டுக்கு ஜன்னல் வைத்துக்கொண்டிருந்தேன். நிஜ ஜன்னல் இல்லை, கம்ப்யூட்டரில். பெசன்ட் நகரில் ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டுகிறார்கள், அதற்குப் பிளான் வரைவது என் பொறுப்பு. மவுஸை நகர்த்தி, ஜன்னலைச் சுவரில் பொருத்தி, பொத்தானை அழுத்தினேன். கட்டைவிரலின் அடியிலிருந்து முழங்கை வரைக்கும் சுரீர் என்று ஒரு வலி. கத்திவிட்டேன்.

"என்னடி, கரெண்ட் அடிச்சுடுத்தா?" என்று உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். எண்பது தாண்டிவிட்டது, எங்களோடுதான் மயிலாப்பூரில் இருக்கிறாள். கண் கொஞ்சம் மங்கல், காது மட்டும் பாம்புச் செவி.

கரெண்ட்டெல்லாம் இல்லை. வலி முன்னாலேயே நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் வந்தது. முதலில் முறுக்கு பிழிய முடியவில்லை. அப்புறம் ஈரத் துணி பிழிய முடியவில்லை. அப்புறம் பூட்டில் சாவியைத் திருப்ப முடியவில்லை. வயசாகிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

அடையாறில் ஒரு எலும்பு டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். "மவுஸ் பிடிக்கற கைதான். கட்டைவிரல் நரம்பு உறையில வீக்கம். பட்டை மாட்டிக்குங்க, ரெஸ்ட் குடுங்க. சில மாசம் கம்ப்யூட்டரைத் தொடாதீங்க," என்றார். மணிக்கட்டுக்கும் கட்டைவிரலுக்கும் சேர்த்து மாட்டுகிற ஒரு கறுப்புப் பட்டையோடு வீட்டுக்கு வந்தேன்.

கம்ப்யூட்டரைத் தொடாமல் நான் என்ன செய்வது? நான் இன்ஜினியர் இல்லை. இன்ஜினியர் பேப்பரில் கிறுக்கித் தருவதைக் கொத்தனாருக்கும் மேஸ்திரிக்கும் புரிகிற பிளானாக வரைந்து தருகிறவள். அடையாறில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு இன்ஜினியருக்குப் பல வருஷமாக வீட்டிலிருந்தே இதைச் செய்கிறேன். இந்த வேலையில் மவுஸ்தான் பேனா, மவுஸ்தான் ஸ்கேல். அதன் நடுச் சக்கரத்தை உருட்டினால் பிளான் கிட்டே வரும், அழுத்திப் பிடித்து இழுத்தால் நகரும். நாள் முழுக்க உருட்டலும் அழுத்தலும்தான்.

என் கணவர் காரியத்தைச் சுலபமாக முடித்துவிட்டார். "விட்டுடேன். பையன் வேலைக்குப் போயிட்டான், என் பென்ஷன் வர்றது. என்ன கொறஞ்சு போச்சு?"

எனக்கு வந்ததே கோபம்! அவர் ரிட்டயர் ஆகிறவரைக்கும் யாராவது அவரைப் பார்த்து விட்டுவிடேன் என்று சொன்னார்களா? பெண்பிள்ளையின் வேலை என்றால் மட்டும் கொடியில் காயும் துணி மாதிரி, மழை வந்தால் எடுத்து உள்ளே போட்டுவிடலாம். நான் போட்ட கோட்டின்மேல் சுவர் எழுப்பி அதற்குள் மனுஷர்கள் சமைக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், தூங்குகிறார்கள். அந்த வேலை எனக்கு வேண்டும். அவ்வளவுதான்.

இன்ஜினியரும் போனில் பதமாகத்தான் பேசினார். "முடியலேன்னா சொல்லிடுங்க மேடம். ஆதம்பாக்கத்துல ஒரு டீம் இருக்கு, அவங்ககிட்ட தள்ளிடறேன்."

"ஒண்ணும் தள்ள வேண்டாம். கை சரியில்லேன்னு சொன்னேனே தவிர, நான் சரியில்லேன்னு சொல்லலை," என்றேன். பேச்சு பெரிதாகப் பேசியாகிவிட்டது. இனி காரியத்தில் காட்ட வேண்டும்.

பழைய மவுஸ் கம்பி வைத்தது. என் மேஜை சின்னது, கம்பி எதிலாவது மாட்டி இழுத்துக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு இழுப்பும் மணிக்கட்டில் தெரியும். கம்பியில்லாத மவுஸ், அதுவும் என் கைக்கு ஒத்து வருகிறதாகப் பார்த்து வாங்குவது என்று முடிவு செய்தேன். மடிக்கணினியைத் தோள்பையில் போட்டுக்கொண்டு தி. நகருக்குப் பஸ் ஏறினேன்.

பாண்டி பஜார் பக்கம் ஒரு பெரிய கடை. ஏசி குளிரில் உட்கார்ந்திருந்த விற்பனையாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பையனுக்கு வாங்க வந்திருக்கிற அம்மா என்று நினைத்துவிட்டார் போல.

"இது கேமிங் மவுஸு மேடம். லைட்டு எரியும் பாருங்க, கலர் கலரா மாறும்."

"எனக்கு எதுக்கு லைட்டு? நான் வீட்டுப் பிளான் போடறவ. ஆடித் திருவிழாவா நடத்தறேன்?"

அவர் சிரித்துவிட்டு வேறு எடுத்தார். ஒன்று அப்பளம் மாதிரி தட்டை, விரலெல்லாம் மடங்கிக்கொண்டது. ஒன்றின் வயிற்றில் இரண்டு பேட்டரி, அம்மிக்குழவியை நகர்த்துகிற மாதிரி இருந்தது. கட்டைவிரலால் ஒரு பந்தை உருட்டுகிற ரகம் ஒன்று. வலியே அந்தக் கட்டைவிரலில்தான் என்றால் அதற்கு இன்னும் வேலையா? ஸ்டூலில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து, பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு மவுஸாலும் ஒரு சுவர், ஒரு கதவு வரைந்து பார்த்தேன். சும்மா கையில் பிடித்துப் பார்த்தால் எல்லா மவுஸும் நல்ல மவுஸ்தான். வேலை வாங்கினால்தான் குணம் தெரியும்.

"பாக்ஸை இத்தனை பிரிக்கக் கூடாது மேடம். வீட்டுல உக்காந்து ஆன்லைன்ல ரிவ்யூ பாத்து வாங்கிக்கலாமே," என்றார் விற்பனையாளர்.

"செருப்பு வாங்கினா காலை விட்டுப் பாக்கறோமில்லையா? ரிவ்யூ எழுதினவன் கைக்கா வலி? என் கைக்குன்னா வலி!"

கடைசியில் ஒன்று பிடித்தது. படுக்காமல் நிமிர்ந்து நிற்கும் மவுஸ். யாரோடோ கைகுலுக்குகிற வாக்கில் பிடிக்க வேண்டும், மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளாது. இதுதான் என்று வாங்கிக்கொண்டு வெற்றி வீராங்கனையாக வீடு திரும்பினேன்.

வெற்றி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. மணிக்கட்டு என்னவோ இதமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மவுஸை நகர்த்த வேண்டுமென்றால் கட்டைவிரலால் இறுக்கிப் பிடித்தாக வேண்டும், என் வலி மறுபடியும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு நாள் காலையில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பட்டையை இறுக்க மாட்டிக்கொண்டு, வலது கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, வேலைக்கு முடிவு வந்துவிட்டதோ என்று முதல் தடவையாகப் பயந்தேன்.

அந்த நேரம் பார்த்து இன்ஜினியர் கூப்பிட்டார். மேஸ்திரி சைட்டில் நிற்கிறார், கதவை அரையடி நகர்த்தி உடனே அனுப்ப வேண்டும். வேறு வழியில்லாமல் பழைய கம்பி மவுஸை இடது பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன். தடுமாறப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். தடுமாறவே இல்லை! திரையில் அம்புக்குறி நேராகப் போய் அந்தக் கதவின்மேல் நின்றது. பொத்தான் மாறிப்போனதில்தான் கொஞ்சம் குழப்பமே தவிர, கையில் குழப்பம் இல்லை.

நான் பிறவியில் பீச்சாங்கைக்காரி. இதை நானே மறந்து போயிருந்தேன். பல்பத்தை எடுத்தால் இடது கை, பந்தை எறிந்தால் இடது கை, அப்பளத்தை எடுத்தால் இடது கை. அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. சாப்பிட உட்காரும்போது என் இடது கையைப் பாவாடை நாடாவால் முதுகுப் பக்கம் கட்டிவிடுவாள். ஸ்லேட்டில் எழுதும்போதும் கட்டுதான். அழுதால் இன்னும் ஒரு முடிச்சு. பள்ளிக்கூடம் சேர்வதற்குள் நான் நல்ல சோத்துக்கைக் குழந்தையாகிவிட்டேன். அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் நடந்ததுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். அந்தச் சமாதானம் ஒருநாளும் முழுசாக இறங்கினதில்லை.

இனி இடது கைதான் என்று அன்றே தீர்மானித்தேன். கணவரிடம் சொன்னேன்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்றார்.

"ஏன்னா, ஐந்துல வளைச்சதைத்தான் ஐம்பதுல நிமித்தறேன்!"

எனக்கே அந்த வாக்கியம் ரொம்பப் பிடித்துப் போய், அன்று முழுக்க அடுப்படியில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

இப்போது பீச்சாங்கைக்கு ஏற்ற மவுஸ் வேண்டும். கைவாகுக்கென்று வளைத்துச் செய்கிற மவுஸெல்லாம் வலது கைக்கே வளைந்திருக்கின்றன. இடது கையில் பிடித்தால் அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்ட மாதிரி. லஸ் பக்கம் ஒரு கடையில் கேட்டேன். "லெஃப்டுக்கா? அப்படி ஒண்ணு வருதா இன்னா?" என்று அவர்கள் என்னையே கேட்டார்கள். இன்னொரு கடையில் ஆர்டர் போட்டால் வெளிநாட்டிலிருந்து வரும், எப்போது வரும் என்று தெரியாது என்றார்கள். மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற பாய் கடை ஒன்று உண்டு. மறுநாள் கடை திறக்கும்போதே போய் நின்றேன்.

"லெஃப்ட் மவுஸு நம்மகிட்ட இல்லம்மா. பொதுக் கைன்னு கீது. ரெண்டு பக்கமும் ஒரே வளைவு, எந்தக் கைக்கும் ஒத்துக்கும்," என்று பாய் ஒரு டப்பாவைத் தேடி எடுத்தார். நான் வழக்கம்போல மடிக்கணினியைத் திறந்தேன். அவர் இன்னா ஏது என்று கேட்காமல் கவுன்டரில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

இடது உள்ளங்கையில் அந்த மவுஸ் உருண்டையாக, நிறைவாக உட்கார்ந்தது. எடை இல்லை. கட்டைவிரல் சும்மா பக்கத்தில் சாய்ந்திருந்தால் போதும், எதையும் இறுக்க வேண்டாம். சக்கரம் தொளதொள என்று இல்லாமல் பல் பல்லாக நின்று உருண்டது. பொத்தான் சத்தமே போடவில்லை. இரண்டு அறையும் ஒரு மாடிப்படியும் வரைந்தேன். வலி இல்லை. இன்னும் ஒரு அறை வரைந்தேன், வலி இல்லை என்பதை நம்புவதற்காக.

"இதான் பாய்," என்று பணத்தை நீட்டினேன். வலது கை பட்டைக்குள். நீட்டியது இடது கை.

பாய் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அம்மா, இன்னும் போணி ஆவல. மொதல் வியாபாரம். சோத்துக்கையால குடுத்துடும்மா."

"கையில பட்டை போட்டிருக்கே, தெரியலையா பாய்?"

"தெரியுதும்மா. சும்மா அந்தக் கையால தொட்டாப்புல குடேன். நாள் பூரா கடை ஓடணுமில்ல?"

அவர் முகத்தைப் பார்த்தால் திட்டவும் மனசு வரவில்லை. ஆனால் அந்தக் கையை மறுபடியும் முன்னால் கொண்டுவர எனக்கு இஷ்டமில்லை. பணத்தைப் பைக்குள் திரும்பப் போட்டேன். இடது கையால் போனை எடுத்து, அவர் கவுன்டரில் ஒட்டியிருந்த க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்து அனுப்பினேன். பணம் வந்து சேர்ந்ததாக ஒரு பெண் குரல் கவுன்டரில் இருந்த ஸ்பீக்கரிலிருந்து அறிவித்தது.

"இது எந்தக் கை பாய்?"

பாய் ஒரு கணம் யோசித்தார். "போன்ல வந்தா அல்லாவுக்கே கணக்குல வராதும்மா," என்று விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

வீட்டில் நிலைமை சிரிக்கிற மாதிரி இல்லை. மவுஸின் இரண்டு பொத்தான்களையும் இடது கைக்காக இடம் மாற்றி வைத்தேன். ரயில் டிக்கெட் பார்க்க உட்கார்ந்த கணவர், எங்கே தொட்டாலும் என்னென்னமோ பட்டியல் திறக்கிறது, வைரஸ் வந்துவிட்டது என்று அலறினார். நானும் பழகும்வரை சில கூத்துகள் அடித்தேன். ஒரு வீட்டுக்கு மாடிப்படியை மட்டும் இடம் வலமாகப் புரட்ட வேண்டும். அவசரத்தில் வீடு முழுவதையும் புரட்டி அனுப்பிவிட்டேன்.

இன்ஜினியர் பதறிப்போய்க் கூப்பிட்டார். "மேடம், அக்னி மூலையில இருந்த அடுப்பு கன்னி மூலைக்குப் போயிடுச்சு! பார்ட்டி பார்த்தா மயக்கம் போட்டுடுவாரு. கை இன்னும் செட் ஆகலேன்னா ஆதம்பாக்கத்துக்கே குடுத்துடறேன், நீங்க சங்கடப்படாதீங்க."

"இன்னொரு தடவை ஆச்சுன்னா குடுங்கோ," என்றேன். அதன்பிறகு ஒவ்வொரு பிளானையும் அனுப்புமுன் அடுப்பு எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

இதெல்லாவற்றையும்விடப் பெரிய இடைஞ்சல் அம்மா. நான் இடது கையால் வரைவதைப் பார்த்த நாளிலிருந்து அந்தப் பக்கம் வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னிடம் நேராகச் சொல்லமாட்டாள். சுவரிடம் சொல்வாள். "க்ருஹப்ரவேசத்துக்கு வலது காலை வெச்சுத்தான் உள்ள போறோம். பீச்சாங்கையால வீடு போடறாளாம், வீடு! ஊர்ல கேட்டா சிரிப்பா." நான் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர் வரைந்தேன்.

ஊரும் கேட்டது. கே.கே. நகரில் வீடு கட்டப்போகிற தம்பதி ஒரு நாள் நேரிலேயே வந்தார்கள். அவர் ரிட்டயரானவர், சேர்த்ததையெல்லாம் போட்டுக் கட்டுகிறார். பூமி பூஜைக்கு நாள் குறித்தாகிவிட்டது, சின்னச் சின்ன மாற்றங்களை என் பக்கத்தில் உட்கார்ந்தே சொல்லிவிட்டால் நல்லது என்று இன்ஜினியர் அனுப்பியிருந்தார். ஹாலைக் கொஞ்சம் நீட்டினேன், பாத்ரூம் கதவைத் திருப்பினேன். அவர் திரையைப் பார்க்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூஜை அறை வந்ததும் தொண்டையைக் கனைத்தார். "மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. பூஜை ரூமை மட்டும் சோத்துக்கையால போட்டுடுங்களேன்."

"வலது கையில எனக்கு வலி சார். மவுஸ் பிடிக்கக் கூடாது."

"அது ஒண்ணுதான் மேடம். வலது கால் வெச்சுக் குடி போற வீடு பாருங்க. மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு."

"இத்தனை வருஷமா கக்கூஸையும் பூஜை ரூமையும் ஒரே கையாலதான் சார் போட்டேன். அப்ப யாருக்கும் ஒரு மாதிரி இல்லையே?"

அவர் முகம் சிவந்துவிட்டது. போனை எடுத்து இன்ஜினியரைக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியிலும் போட்டுவிட்டார். "மேடம், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க. நாலு கோடுதானே. கையை மாத்திக்கறதுல என்ன?" என்றது இன்ஜினியர் குரல். இந்தப் பார்ட்டி போனால் வேலையும் ஆதம்பாக்கம் போய்விடும் என்பது எனக்குத் தெரியாதா? நாலு கோடுதான். அந்தக் கையால் நாலு கோடு போட்டால் செத்தா போய்விடுவேன்?

"மாத்த மாட்டேன் சார்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "என் கை இதுதான்."

அப்போது அம்மா உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வந்துவிட்டாள், அவர்கள் பக்கம் சாட்சி சொல்ல, என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா அந்த மனிதரிடம்தான் பேசினாள். "நீங்க சொல்றதைத்தான் நானும் தினம் சொல்லிண்டிருக்கேன். ஆனா ஒண்ணு கேளுங்கோ. பகவான் அவளுக்குக் குடுத்த கை அதுதான். அதைக் கட்டிப்போட்டு, இந்தக் கையால எழுது எழுதுன்னு அடிச்சு மாத்தினவ நான். மாத்தின கை இப்ப ஒரு டம்ளர் தூக்க மாட்டேங்கறது. ஒரு தடவை மாத்தினது போறும். எம் பொண்ணு கையை இனிமே யாரும் மாத்தச் சொல்லாதீங்கோ."

நான் மவுஸை விட்டுவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அந்த மனிதரின் மனைவிதான் முதலில் வாயைத் திறந்தார். அதுவரை பேசாமலே இருந்தவர். "நீங்க போடுங்கம்மா. விளக்கு ஏத்தப் போறது நான்தானே? அந்தச் சாமி ஷெல்ஃபைக் கொஞ்சம் எறக்கிப் போடுங்க, இப்ப இருக்கற வீட்டுல எட்ட மாட்டேங்குது."

அவருடைய கணவர் போனை அணைத்தார். நான் ஷெல்ஃபை இறக்கிப் போட்டேன். அந்த மனிதர் இப்போது என் கையை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார். போகும்போது மட்டும், "கோடெல்லாம் நேராத்தான் இருக்கு," என்றார்.

சாயங்காலம் இன்ஜினியரிடமிருந்து இன்னொரு வீட்டுக்கான கிறுக்கல் வந்தது. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை, சீக்கிரம் வேண்டும் என்பது மட்டும் இருந்தது. எனக்கு அது போதும். உட்கார்ந்து வெளிச்சுவரை ஆரம்பித்தேன். அம்மா வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"இப்ப வலிக்கறதா?"

"இல்லம்மா. இந்த மவுஸ் வலிக்கலை."

அம்மா என்னைப் பார்க்காமல், திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "அப்போ வலிச்சுதாடி?"

எந்த அப்போ என்று நான் கேட்கவில்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். எண்பது வயசு தாண்டியவளிடம் அப்படிச் சொல்வதுதான் மரியாதை என்றும் யாராவது சொல்வார்கள்.

"வலிச்சுதும்மா," என்றேன்.

அம்மா தலையை ஆட்டினாள். மவுஸின் மேலிருந்த என் இடது கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நேரம் விடவில்லை. வெளிச்சுவர் பாதியில் நின்றது. அவசர வேலைதான், இருந்தாலும் நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.